நீதிமன்றத்தில் சுருக்கெழுத்துத் தட்டச்சர் வேலைக்கு வரலாமா? பணியில் இருப்பவர்கள் சொல்லவும்

பாபநாசம் மாணவி:

அனைவருக்கும் வணக்கம். பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தைச் சேர்ந்தவள் நான். பி.காம். முடித்து, தட்டச்சில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் முதுநிலை தேறியிருக்கிறேன். ஓராண்டாகக் கும்பகோணத்தில் ஒரு பயிலகத்தில் தமிழ்ச் சுருக்கெழுத்து கற்று வருகிறேன். வரும் பிப்ரவரியில் தேர்வு எழுதுவதாக இருக்கிறேன். தேர்வாணையத்தின் தொகுதி 4 வழியாகச் சுருக்கெழுத்துத் தட்டச்சர் பணி கிடைத்தால் நீதித் துறையைத் தேர்ந்தெடுக்கலாமா என்று யோசிக்கிறேன்.

என் தாத்தா ஒரு வாய்க்கால் வழக்கில் சாட்சி சொன்னபோது, சிறுமியாக இருந்த நானும் உடன் போயிருந்தேன். தாத்தா கூண்டில் நின்று என்ன பேசினார் என்பது எனக்கு நினைவில்லை. நீதிபதிக்குக் கீழே அமர்ந்து, யார் முகத்தையும் பாராமல் தட்டச்சு செய்துகொண்டே இருந்த ஒருவர்தான் நினைவில் நிற்கிறார். தாத்தா சொன்னதை அவர் அப்படியே எழுதினாரா, அல்லது நீதிபதி சொன்னதை எழுதினாரா? ஒரு சொல் காதில் விழாமல் போனால் என்ன செய்வார்? பயிலகத்தில் வேகத்தைச் சொல்லித் தருகிறார்கள்; இதைச் சொல்லித் தர ஆள் இல்லை. அந்த நாற்காலியில் அமர்ந்தவர்கள் யாரேனும் இங்கே இருந்தால் விளக்கிச் சொல்லுங்கள்.


குடந்தை ஓய்வூதியர்:

அம்மா, தட்டச்சராகச் சேர்ந்து, பிறகு சுருக்கெழுத்தராகி, 34 ஆண்டுகள் தஞ்சை மாவட்டத்து நீதிமன்றங்களில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அமெரிக்க நீதிமன்றங்களில் இருக்கும் சுருக்கெழுத்தர், ஸ்டெனோடைப் என்னும் இயந்திரத்தில் பல விசைகளை ஒரே நேரத்தில் அழுத்தி, வழக்கறிஞரின் கேள்வி, சாட்சியின் பதில், நீதிபதியின் குறுக்கீடு என எல்லாவற்றையும் சொல்லுக்குச் சொல் பதிவு செய்கிறார். அங்கே பதிவு பெறுவதற்கான தேர்வில் சாட்சிய வினா விடையை நிமிடத்துக்கு 225 சொல் வேகத்தில் எழுத வேண்டும். நம்முடைய முறை அதுவன்று. இங்கே சாட்சி பதில் சொல்ல, நீதிபதி அதைக் கேட்டு, ‘நான் இன்ன ஊரில் வசிக்கிறேன், எதிரிகளை எனக்குத் தெரியும்’ (மன்றப் பேச்சில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்) என்று சாட்சியே தன்வாயால் கூறுவதைப் போன்ற தொடர் உரையாக்கிச் சொல்ல, தட்டச்சர் அதைத் தாளில் ஏற்றுகிறார். சாட்சியத்தைப் பொதுவாகத் தொடர் உரையாகவே எழுத வேண்டும் என்பதும், தேவையென்று நீதிபதி கருதும் பகுதியை மட்டும் வினா விடையாக எழுதலாம் என்பதும் அமர்வு நீதிமன்றங்களுக்குச் சட்டமே வகுத்த வழி. ஆகவே உங்கள் தாத்தா பேசியது நீதிபதியின் காது வழியாகவும் வாய் வழியாகவும் போய்த்தான் அந்தத் தட்டச்சரின் விரலுக்கு வந்திருக்கும்.

ஆனால் தட்டச்சருக்கும் இரண்டு காதுகள் இருக்கின்றன. சாட்சி சொன்னதையும் அவர் கேட்கிறார், நீதிபதி சொன்னதையும் கேட்கிறார். இந்த இரண்டுக்கும் இடையே ஒரு சொல் நழுவினால், அது நழுவியதை அறிந்தவர் அந்த அறையில் சில நேரம் அவர் ஒருவராகவே இருப்பார். இந்த வேலையின் பொறுப்பு முழுவதும் அந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். பணியில் சேர்ந்து மூன்றாம் ஆண்டு. தட்டச்சுப் பொறியும் கார்பன் தாளும் இருந்த காலம். குற்றவியல் நடுவர் மன்றம் ஒன்றில் ஓர் அடிதடி வழக்கு. குறுவைக்குத் தண்ணீர் வந்த நேரத்தில் மடையைத் திறப்பது யார் என்ற சண்டையில் ஒருவருக்குத் தலையில் வெட்டு. அடிபட்டவரின் தாயார் அ.சா.2, அதாவது அரசுத் தரப்பின் இரண்டாம் சாட்சி. எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டி.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அடுக்கடுக்காக யோசனைக் கேள்விகளைப் போடுவார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ‘நீங்கள் சம்பவ இடத்திலேயே இல்லை’ என்பார். சாட்சி ‘இல்லை, இருந்தேன்’ என்பார். தாளில் ‘நான் சம்பவ இடத்தில் இல்லை என்றால் சரியல்ல’ என்று ஏறும். பத்துக்கு ஒன்பது ‘சரியல்ல’ என்றே முடியும். தமிழில் மறுப்பு வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. ஆங்கிலத்தில் மறுப்பு தொடக்கத்திலேயே வந்துவிடுவதால் எழுதுபவர் முன்கூட்டியே எச்சரிக்கை ஆகிவிடுவார். நமக்கோ முழு வாக்கியத்தையும் அடித்து முடித்து, இறுதிச் சொல்லுக்குக் காத்திருக்க வேண்டும். பழகிய விரல் காத்திருக்காது.

அன்று என் விரல் காத்திருக்கவில்லை. ‘என் மகன்தான் முதலில் மண்வெட்டியை ஓங்கினான் என்றால் சரியல்ல’ என்று அடித்துவிட்டேன். நடுவர் ‘சரிதான்’ என்று சொன்னதை நான் கேட்கவே இல்லை. ஒரு தாய் தன் மகனுக்கு எதிராக அப்படிச் சொல்வாள் என்று என் மனம் எதிர்பார்க்கவில்லை.

சாட்சியம் முடிந்ததும் சாட்சிக்கு அதைப் படித்துக் காட்ட வேண்டும். நான் எழுந்து நின்று படித்தேன். அந்த வரியைப் படித்ததும் மூதாட்டி கையை நீட்டி, “தம்பி, நான் ஆமான்னுதானே சொன்னேன்” என்றார். மன்றத்தில் ஒரு சத்தமும் இல்லை. நடுவர் தம் குறிப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அசலிலும் நகல்கள் ஒவ்வொன்றிலும் அந்தச் சொல்லை அடித்துத் திருத்தி, ஓரத்தில் சுருக்கொப்பமிட்டார். எனக்குத் தண்டனை எதுவும் கிடைக்கவில்லை. தம் மகனின் வழக்கைக் கெடுக்கக்கூடிய ஓர் உண்மையைச் சொல்லி, அது தவறாக எழுதப்பட்டதால் மகனுக்கு நன்மை வந்திருக்கக்கூடிய நிலையிலும், அதைத் திருத்தச் சொன்ன அந்த அம்மாளின் முன்னால் நின்றதே போதுமானதாக இருந்தது. அதன் பிறகு பணிக்காலம் முழுவதும் ‘என்றால்’ என்று அடித்ததும் விரலைத் தூக்கிவிடுவேன். கடைசிச் சொல் காதில் விழுந்த பிறகே கீழே வைப்பேன்.

தகுதி பற்றியும் கேட்பீர்கள். தட்டச்சிலும் சுருக்கெழுத்திலும் இரண்டு மொழிகளிலும் முதுநிலை இருப்பது சிறப்பு. ஒன்றில் முதுநிலையும் மற்றதில் இளநிலையும் இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். நிலை 3இல் தொடக்க அடிப்படை ஊதியம் 20,600 ரூபாய். பிறகு நிலை 2, நிலை 1 என்று உயர்ந்து, மாவட்ட நீதிபதியின் நேர்முக உதவியாளர் வரை போகலாம். பொதுவாகச் சாட்சியத்தைத் தட்டச்சர் நேரடியாகக் கணினியில் ஏற்றுவார். தீர்ப்பும் உத்தரவும் சொல்லப்படும்போது குறிப்பெடுப்பது சுருக்கெழுத்தரின் வேலை. ஆள் குறைவான மன்றங்களில் இரண்டையும் ஒருவரே செய்ய நேரும்.


மன்னை வழக்கறிஞர்:

ஐயா எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை. மன்னார்குடியிலும் திருவாரூரிலும் உரிமையியல் வழக்குகள் நடத்துகிறேன். எங்கள் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன்.

மேல்முறையீட்டில் சாட்சி மறுபடி வருவதில்லை. அந்தத் தாள்தான் வருகிறது. தஞ்சாவூர் வழக்கு என்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கும், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை வழக்கு என்றால் சென்னைக்கும் போகும். அங்கே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தாக்கல் செய்கிறோம். வயலைக் கண்ணால் பார்க்காத, சாட்சியின் குரலைக் கேட்காத ஒருவர், பத்து ஆண்டுகள் கழித்து அந்த மொழிபெயர்ப்பைப் படித்து முடிவு செய்கிறார். கீழே ஒரு சொல் மாறியிருந்தால் மேலே அதைத் தூக்கி நிறுத்துவதற்கு எங்களிடம் எதுவும் இருக்காது.

டெல்டாவில் இது நில அளவையில்தான் அதிகம் நேர்கிறது. நம் சாட்சிகள் குழி, மா, வேலி என்றே பேசுவார்கள். 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. ஒரு குழி என்பது 144 சதுர அடி. வேறு மாவட்டத்திலிருந்து மாறுதலாகி வரும் நீதிபதிகளுக்கு இந்தக் கணக்கு புதிது. அது அவர்கள் குற்றமன்று. சாட்சி ‘ஆறு மா’ என்பார். மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். தாளில் ‘இரண்டு ஏக்கர்’ என்று ஏறிவிடும். ஆறு மா 86,400 சதுர அடி. இரண்டு ஏக்கர் 87,120 சதுர அடி. வித்தியாசம் 720 சதுர அடி, அதாவது சரியாக ஐந்து குழி. வழக்கே ஒரு வண்டிப்பாதைக்காக நடக்கிறபோது, அந்த ஐந்து குழியில்தான் பாதை இருக்கிறது.

எனக்கே இது நேர்ந்தது. எங்கள் தரப்பு வா.சா.1, அதாவது வாதியின் முதல் சாட்சி, ‘ஆறு மா’ என்று சொன்னது ஏக்கராகப் பதிவானதை நான் அன்று கவனிக்கவில்லை. நான் கவனித்திருக்க வேண்டும். பத்திரத்தில் ஒன்று, சாட்சியத்தில் ஒன்று என்று எதிர்த்தரப்பு வாதாடியபோது, ‘சாட்சி அப்படிச் சொல்லவில்லை’ என்ற என் பேச்சுக்கு ஆதாரமே இல்லை. அதற்குப் பிறகு, மா, குழி என்று சாட்சி சொன்னால் அந்தச் சொல்லே பதிவாக வேண்டும் என்று அப்போதே எழுந்து வேண்டிக்கொள்கிறேன். இந்த ஊர்க்காரரான தட்டச்சர் இருக்கும் மன்றத்தில் நான் எழ வேண்டிய தேவையே இருப்பதில்லை. “ஐயா, ஆறு மா என்று சொன்னார்” என்று அவரே மெல்லச் சொல்லிவிடுவார்.

அதனால் தங்கை, விவசாயக் குடும்பத்தில் பிறந்து, இந்த மண்ணின் பேச்சு தெரிந்தவர் நீங்கள். உங்களைப் போன்றவர்கள் அந்த நாற்காலிக்கு வர வேண்டும் என்பது என் விருப்பம்.


மாயூரம் தட்டச்சர்:

நான் இப்போது பணியில் இருப்பவள். பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. எந்த மன்றம் என்று சொல்லவில்லை, மன்னிக்கவும்.

வழக்கறிஞர் ஐயா சொன்ன ஊர்ப்பேச்சு விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். நம் பக்கத்தில் ‘கொல்லை’ என்றால் வீட்டின் பின்புறம். சில ஊர்களில் புன்செய் நிலத்தையும் கொல்லை என்பார்கள். ‘கொல்லைக்குப் போயிருந்தேன்’ என்று ஒரு பெரியவர் சொன்னால், அவர் காலைக்கடனுக்குப் போனார் என்று பொருள். ஒரு கொலை வழக்கில் ஒரு சாட்சி, “விடியக்காலம் கொல்லைக்குப் போனப்ப சத்தம் கேட்டுச்சு” என்றார். ‘விடியற்காலையில் என் தோட்டத்துக்குச் சென்றபோது’ என்று பதிவு தொடங்கியது. அந்தச் சாட்சியின் தோட்டம் சம்பவ இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர். வீட்டுக் கொல்லையோ இருபது அடி. அவர் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்க முடியுமா முடியாதா என்பதே கேள்வி.

நான் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டு நீதிபதியை நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் மன்றத்தில் அதுதான் அடையாளம்; தட்டச்சுச் சத்தம் நின்றாலே அம்மா என் பக்கம் திரும்பிவிடுவார். “கொல்லை என்று சொன்னார், அம்மா” என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் பொருள் சொல்வது என் வேலையன்று. பொருள் சொன்னால் நானே சாட்சியாகிவிடுவேன். நீதிபதி சாட்சியிடமே ‘கொல்லை என்றால் எது’ என்று கேட்டு, அந்தப் பகுதியை வினா விடையாகவே எழுதச் சொன்னார். திருத்துவது நீதிபதி, விளக்குவது சாட்சி, நாம் நின்றுபோன இடத்தைக் காட்டுகிறோம். இந்த எல்லையை முதல் ஆண்டிலேயே கற்றுக்கொள்ளுங்கள், தங்கை.

அன்றாட வாழ்க்கையையும் சொல்ல வேண்டும். காலை பத்தரைக்கு மன்றம் கூடும். அதற்கு முன்பே அன்றைய வழக்குக் கட்டுகளைப் பார்த்து, சாட்சி எண், வழக்கு எண், எதிரிகளின் பெயர், ஊர்ப்பெயர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வேன். திருப்புன்கூரையும் திருப்பனந்தாளையும் வேகத்தில் குழப்பிக்கொள்ளாமல் இருக்க அதுதான் வழி. மதியம் வரை சாட்சி. பிற்பகல் மனுக்கள், உத்தரவுகள். அன்றைய உத்தரவுகளைக் கணினியில் ஏற்றிவிட்டுத்தான் எழ முடியும். தீர்ப்பு இருக்கும் நாளில் வீடு திரும்ப இரவு எட்டாகிவிடும். கழுத்தும் மணிக்கட்டும் வலிக்கும். நாற்காலியின் உயரத்தைச் சரி செய்துகொள்ளுங்கள் என்பதை நான் ஐந்தாம் ஆண்டில்தான் தெரிந்துகொண்டேன்.

இன்னொன்றை எழுதலாமா என்று தயங்கினேன். போக்சோ வழக்குகளில், அதாவது குழந்தைகள் மீதான பாலியல் குற்ற வழக்குகளில், குழந்தைகள் சாட்சி சொல்ல வருவார்கள். அறைக்குள் மிகச் சிலரே இருப்போம். குழந்தை பேசும், நிறுத்தும், அழும், மறுபடி பேசும். அது சொல்வதை நான் தட்டச்சு செய்தே தீர வேண்டும். என் கண் கலங்கினால் அந்தக் குழந்தை என் முகத்தைப் பார்த்துப் பேச்சை நிறுத்திவிடும் என்பதால், திரையை விட்டு நிமிரவே மாட்டேன். நீங்கள் சிறுமியாகப் பார்த்த அந்தத் தட்டச்சர் யார் முகத்தையும் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு இப்படியும் காரணம் இருக்கும். குழந்தையின் பெயரையோ ஊரையோ வெளியில் சொல்லக் கூடாது என்பது சட்டம். வீட்டில் என் கணவரிடமும் நான் எதுவும் சொன்னதில்லை. அந்த நாட்களில் வீட்டுக்குப் போனதும் என் மகளின் வீட்டுப்பாடத்தை உட்கார்ந்து பார்ப்பேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த மருந்து.


ஆரூர் மென்பொருளாளர்:

மூத்தவர்கள் அனைவரின் அனுபவத்தையும் மதித்தே கேட்கிறேன். தவறிய ஒரு சொல்லுக்காக ஒரு வழக்கே திசை மாறுமானால், மனிதர் ஒருவரின் விரலை நம்பி ஏன் இருக்க வேண்டும்? உச்ச நீதிமன்றத்தில் 2023 பிப்ரவரி 21 அன்று அரசியலமைப்பு அமர்வின் விசாரணையை இயந்திரம் உடனுக்குடன் எழுத்தாக்கத் தொடங்கியது. கேரளத்தில் கீழமை நீதிமன்றங்கள் 2025 நவம்பர் 1 முதல் சாட்சியத்தைப் பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளைக் கொண்டு பதிவு செய்ய வேண்டும் என்று உயர் நீதிமன்றம் ஆணையிட்டிருக்கிறது. தமிழுக்கும் இது வரும். இந்த நிலையில், இருபத்து இரண்டோ மூன்றோ வயதுள்ள ஒரு பெண்ணைச் சுருக்கெழுத்தில் மேலும் ஈராண்டு செலவிடச் சொல்வது முறையா என்று எனக்கு ஐயம் இருக்கிறது.


குடந்தை ஓய்வூதியர்:

தம்பி, உங்கள் ஐயம் நேர்மையானது. இதை நானும் நிறைய எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

ஒலிப்பதிவை நான் எதிர்க்கவில்லை. அடிதடி வழக்கில் என் பிழையை அந்த மூதாட்டி பிடிக்காமல் போயிருந்தால், ஓர் ஒலிநாடாவாவது பிடித்திருக்கும். எதிரியின் வழக்கறிஞர் முன்னிலையில் சாட்சியத்தை ஒலி ஒளி வடிவில் பதிவு செய்யலாம் என்பதற்குச் சட்டத்திலும் இடம் இருக்கிறது. ஒலியை ஒரு பக்கம் பத்திரமாக வைத்து, ஐயம் வரும்போது கேட்டுப் பார்க்க முடிந்தால் எங்களைப் போன்றவர்களுக்குத் துணையாகத்தான் இருக்கும்.

ஆனால் மன்றம் எப்படி ஒலிக்கும் என்பதையும் பாருங்கள். கூரை விசிறி, பக்கத்து மன்றத்தில் டவாலி (மன்ற ஊழியர்) பெயர் கூவும் குரல், ஐப்பசி மழை, ஒரே நேரத்தில் எழுந்து பேசும் இரு வழக்கறிஞர்கள். இவற்றுக்கு நடுவில் சாட்சி தலையை மட்டும் ஆட்டுவார். ‘வாயால் சொல்லுங்கள், அம்மா’ என்று நீதிபதி சொல்வார். ‘இந்த ஆளா வெட்டியது’ என்ற கேள்விக்குச் சாட்சி விரலை நீட்டிக் காட்டுவார். ‘சாட்சி இரண்டாம் எதிரியை அடையாளம் காட்டினார்’ என்று பதிவாக வேண்டும். விரலுக்கு ஒலி இல்லை. சாட்சியின் நடத்தை குறித்து நீதிபதி குறிப்பு எழுதலாம் என்று சட்டம் சொல்வதும் இதனால்தான்.

மேலும், இயந்திரம் எழுதியதையும் யாராவது ஒருவர் அங்கேயே, அப்போதே, சாட்சி இறங்குவதற்குள் சரிபார்க்க வேண்டும். அதைச் செய்ய வல்லவர் யார்? சாட்சியின் பேச்சுக்குச் சமமாகக் காதை ஓட்டப் பழகியவர்தான். சுருக்கெழுத்துப் பயிற்சி கையைவிடக் காதுக்கே அதிகம் பயன்படுகிறது. பிட்மன் 1837இல் வகுத்த சுருக்கெழுத்து முறையின் உயிர்நாடி, எழுத்தை விட்டு ஒலியை எழுதுவது. உயிரொலிகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டு மெய்யின் வடிவத்தை மட்டும் போட்டு ஓடுகிறோம். தமிழில் மடை, மாடு, மேடு மூன்றுக்கும் எலும்புக்கூடு ஒன்றுதான். நெல் விளையும் ஊரின் வழக்கில் ஒரே சாட்சி ஐந்து நிமிடத்தில் இந்த மூன்றையும் சொல்வார். குறியீடு எந்த இடத்தில் நிற்கிறது, எங்கே உயிரொலியைக் காட்டும் உயிர்ப்புள்ளி இட்டோம், முன்னும் பின்னும் என்ன பேச்சு என்பதைக் கொண்டே பிரித்துப் படிக்கிறோம். இப்படி ஈராண்டு பழகிய காது, இயந்திரம் ‘மாடு’ என்று எழுதிய இடத்தில் சட்டென்று நின்றுவிடும்.

நம் பகுதிக்கு இதில் பழைய உறவும் உண்டு. மாயூரம் வேதநாயகம் பிள்ளை திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்து, மொழிபெயர்ப்பாளராகி, பிறகு முன்சீப்பாகி (கீழமை உரிமையியல் நீதிபதியாகி) தரங்கம்பாடியிலும் சீர்காழியிலும் மாயூரத்திலும் இருந்தார். 1805 முதல் 1861 வரையிலான, ஆங்கிலேயர் காலத்து மேல்முறையீட்டு மன்றமான சதர் நீதிமன்றத்தின் தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கித் தந்தார். வழக்காடுபவனுக்குப் புரியாத மொழியில் நீதி நடக்கக் கூடாது என்ற கவலை, தாள்களுக்கு நடுவே வேலை செய்த அந்த நாட்களில்தான் அவருக்கு வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். கீழமை நீதிமன்றங்களில் சாட்சியத்தையும் தீர்ப்பையும் தமிழில் எழுத ஆட்சிமொழிச் சட்டத்தில் வழி பிறந்தது 1976இல். எழுதுபவர் தமிழில் கூர்மையாக இல்லாவிட்டால், வந்த அந்த உரிமை தாளோடு நின்றுவிடும்.


மன்னை வழக்கறிஞர்:

ஐயா படித்துக் காட்டுவதைப் பற்றி எழுதினார். அதைக் குறித்து என் மனத்தாங்கலைச் சொல்லியே ஆக வேண்டும்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 278ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 313ஆம் பிரிவு. சாட்சியம் முடிந்ததும், எதிரியோ அவருடைய வழக்கறிஞரோ முன்னிலையில் சாட்சிக்கு அதைப் படித்துக் காட்ட வேண்டும். தேவையானால் திருத்த வேண்டும். சாட்சி சரியில்லை என்று மறுத்தால், திருத்துவதற்குப் பதிலாக அந்த மறுப்பையே குறித்து வைக்கவும் நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. (நேற்று வரை 313 என்றால் எதிரியிடம் கேட்கும் கேள்வி என்றே எங்கள் வாய் பழகியிருந்தது, அது இப்போது 351. பழக்கம் மாற இன்னும் நாளாகும்.)

நடைமுறையில் என்ன ஆகிறது? பிற்பகல் ஒன்றரை மணி. மூன்று சாட்சிகள் காத்திருக்கிறார்கள். சாட்சியம் முடிந்ததும் அச்சிட்ட தாள் நீட்டப்படுகிறது. சாட்சி கையெழுத்தோ கைநாட்டோ இட்டுவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறார். கடைசி வரியில் ‘படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது’ என்று முன்பே அச்சாகி இருக்கிறது. ஒரு மன்றத்தில் நான் படித்துக் காட்டக் கேட்டுக்கொண்டபோது, நேரத்தை வீணாக்குவதாகச் சக வழக்கறிஞர்களே முணுமுணுத்தார்கள். எல்லா மன்றங்களும் அப்படி என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு சாட்சிக்கும் நிறுத்திப் படிக்கச் சொல்லும் நீதிபதிகளிடமும் நான் வழக்கு நடத்துகிறேன். ஆனால் நடக்காத ஒன்றை நடந்ததாக அந்த வரி சொல்கிற ஒவ்வொரு முறையும், அந்த மூதாட்டியைப் போன்ற ஒருவருக்குக் கை நீட்டும் வாய்ப்பு பறிபோகிறது.


மாயூரம் தட்டச்சர்:

ஐயா சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் தரப்பில் ஒன்று செய்யலாம், நான் செய்கிறேன். அந்தக் கடைசி வரியை மாதிரிப் படிவத்தில் வைத்துக்கொள்வதில்லை. படித்துக் காட்டி முடித்த பிறகு, ஒவ்வொரு முறையும் புதிதாகத் தட்டச்சு செய்கிறேன். அரை நிமிடம் ஆகிறது. நானே என் விரலால் அடிக்க வேண்டியிருப்பதால், படிக்காமல் அதை அடிக்கக் கை வருவதில்லை.

முடிந்தவரை சாட்சியின் பக்கம் இருக்கும் திரையையும் அணைக்காமல் வைக்கிறேன். படிக்கத் தெரிந்தவர்கள் பேசிக்கொண்டே பார்த்துவிடுவார்கள். “அம்மா, அது ஆவணி இல்லை, ஆனி” என்று அங்கேயே சொன்னவர்கள் இருக்கிறார்கள்.


பாபநாசம் மாணவி:

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு நீங்கள் எழுதியவற்றைத் தாத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். அவருக்கு இப்போது 81 வயது. அந்த வாய்க்கால் வழக்கைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொல்லி, எதிரில் அமர்ந்து சுருக்கெழுத்தில் குறிப்பெடுத்தேன். பயிலகத்தில் ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்து ஒரே வேகத்தில் படிப்பார். தாத்தா அப்படிப் பேசவில்லை. ஒரு வாக்கியத்தை நடுவில் விட்டுவிட்டு வெற்றிலையை மடித்தார். பிறகு மூன்று வாக்கியங்களை ஒரே மூச்சில் சொன்னார். முதலாவதாக விட்ட வாக்கியத்தை நான்காவதாக முடித்தார். இரண்டு முறை என் கை நின்றுவிட்டது.

எழுதியதைத் திரும்பப் படித்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் ஓரிடத்தில் கண்ணைத் திறந்து, “மடை இல்ல ஆயி, மேடு. மேட்டுலேருந்துதான் அவன் மண்ணை வெட்டினான்” என்றார். குறிப்பேட்டைப் பார்த்தேன். உயிர்ப்புள்ளி இடவே இல்லை. நானே மடை என்று முடிவு செய்து படித்திருக்கிறேன்.

பிப்ரவரித் தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டேன். ஒரே ஒரு கேள்வி மட்டும்: அந்த ஐயம் வரும் சொற்களுக்கு எல்லாம் உயிர்ப்புள்ளி இட்டுக்கொண்டிருந்தால் வேகம் குறைந்துவிடாதா?


குடந்தை ஓய்வூதியர்:

குறையாது, அம்மா. எல்லாச் சொல்லுக்கும் இட வேண்டாம். உங்கள் ஊர் வழக்குகளில் அடிக்கடி வரும் சொற்களில், ஒரே எலும்புக்கூடு உள்ளவற்றைத் தேடி எடுத்து ஒரு தனி நோட்டில் எழுதுங்கள். நான் வைத்திருந்த நோட்டில் நாற்பதுக்கு மேல் இருந்தன. அவற்றுக்கு மட்டும் புள்ளி இடுவது என்று கையைப் பழக்குங்கள். நாளொன்றுக்கு ஒரு பக்கம், பென்சிலால். தாத்தாவைத் தினமும் ஐந்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். வேகத்தைக் குறைக்கச் சொல்லாதீர்கள். நேற்று எடுத்த அந்தக் குறிப்பைக் கிழிக்காமல், ‘மேடு’ என்று பக்கத்தில் எழுதி, தேதி போட்டு வையுங்கள்.